கங்காரும் சூதாட்டக் குத்தகையும்



கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் ஆகிய ஊர்ப்பெயர்கள் ஜொகூர்வாசிகளாகிய நமக்குப் பழக்கமானவை. அப்பெயர்களுக்குள் ஒரு சூதாட்ட வரலாறும் உறைந்துள்ளது.

19ஆம் நூற்றாண்டில் மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரிடச் சீனர்கள் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் குடியேறினர். அவர்தம் தலைவர் 'கங்சூ', குடியிருப்பு 'கங்கார்'. தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், 1844 முதல், 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுப் பத்திரம் கங்சூக்களுக்கு வழங்கப்பட்டது. நிலத்தோடு சூதாட்டம், அபின், மது, அடகு ஆகியவற்றை நடத்தும் தனியுரிமையும் அவர்களுக்குக் கிட்டியது. அரசுக்கோ குத்தகைப் பணம் சேர்ந்தது.

விளைவு என்ன? கூலியாள் பகலெல்லாம் உழைத்து ஈட்டிய பணம், இரவில் சூது வழியே கங்சூவிடமும் முதலாளிகளிடமுமே திரும்பிச் சென்றது. இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் கள்ளுக்கடையில் கண்டதும் இதே கணக்குத்தான்.

1917இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை. போக்கர் ஆட்டத்தில் 52 சீட்டுகளும் அனைவர்க்கும் பொதுவானவை. ஆயினும், சூதாட்ட விடுதி பந்தயத் தொகையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆடுவோருள் எவர் வென்றாலும் விடுதிக்கு நட்டமில்லை.

இன்று சீட்டாட்டம் பிள்ளைகளின் கைப்பேசிக்கே வந்துவிட்டது. பெற்றோர்களே, ஆசிரியர்களே! சூது தீது என்று அறிவுறுத்துவதோடு இவ்வரலாற்றையும் எடுத்துரைப்போம். "இறுதியில் பணம் யாரிடம் சேர்கிறது?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.