டாங்ராவின் விருந்தினர் மொழி

கல்கத்தாவின் கிழக்கு விளிம்பிலுள்ள டாங்ராவில் 20ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய சீன மொழி, சீன அரசின் பொதுமொழியான மாண்டரின் அன்று; குவாங்டோங் மாகாணத்து மெய்ஷியன் மலைப்பகுதியிலிருந்து வந்தோர் பேசிய ஹக்கா. சீனத்தின் வடபகுதியிலிருந்து தெற்கே படிப்படியாக நகர்ந்து, பிறர் முன்பே குடியேறியிருந்த மண்ணில் பிந்தி வந்தவர்களாக வாழ்ந்ததால் இம்மக்களுக்கு அமைந்த இப்பெயருக்கு 'விருந்தினர் குடும்பம்' என்பது பொருள். தமிழ்நாட்டு உணவகங்களில் நூடுல்ஸுக்கு முன்னால் நிற்கும் ஹக்கா என்னும் சொல் இவர்களையே குறிக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவிய டாங் அச்சியூவுக்குப் பின்வந்த சீனர்களில், கான்டனீஸ் பேசியோர் தச்சுவேலையிலும் ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவத்திலும் நிலைபெற, ஹக்காக்கள் காலணித் தொழிலையும், சாதி இந்துக்கள் தீட்டென ஒதுக்கிய தோல் பதனிடுதலையும் மேற்கொண்டனர். கீழே தோல் ஆலையும் மேலே வீடுமாக ஒரே கட்டடத்தில் குடும்பம் வாழ்ந்தது. சொந்த ஆலை இல்லாதவர் பிறர் ஆலையில் இடத்தையும் எந்திரத்தையும் வாடகைக்குப் பெற்றுத் தொழில் நடத்தினர். பாதங்களைக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கத்தை ஏற்காத மரபில் வந்த ஹக்காப் பெண்களும் ஆலைப் பணியில் பங்கேற்றனர். பீகார்த் தொழிலாளரிடம் இந்தி, சீனப் பள்ளியில் மாண்டரின், அடுப்படியிலும் கணக்கு மேசையிலும் ஹக்கா என மொழிகள் பிரிந்து வழங்கின. முன்னோரின் நிலத்தை விற்றாலும் அவர்தம் மொழியை மறவாதே என்னும் ஹக்காப் பழமொழியைக் காட்டிலும், வீடும் தொழிலும் பிரியாதிருந்த இவ்வமைப்பே அம்மொழியைக் காத்தது எனலாம்.

1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போர் இவர்களின் குடியுரிமையையே கேள்விக்குள்ளாக்கியது. இந்தியாவிலிருந்த சீன வம்சாவளியினருள் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களில் இந்திய மண்ணிலேயே பிறந்து, வேறு ஊர் அறியாதோரும் இருந்தனர். இப்பெரும் அநீதிக்குப் பின் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். ஆலைக் கழிவால் விளைந்த மாசைத் தடுக்க, டாங்ரா ஆலைகளை இடம் மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டபோது, எஞ்சியோருள் சிலர் பான்டாலாவுக்குச் சென்றனர். சிலர் ஆலைக் கட்டடங்களை உணவகங்களாக்கினர். இளையோர் பலர், முன்பே குடியேறிய உறவினரைப் பின்தொடர்ந்து கனடாவின் டொராண்டோவை அடைந்தனர். சீனப் புத்தாண்டையொட்டி டாங் அச்சியூவின் கல்லறை அமைந்துள்ள அச்சிப்பூருக்குச் சென்று ஊதுவத்தி ஏற்றும் வழக்கம் மட்டும், கல்கத்தாச் சீனரிடையே இன்றும் தொடர்கிறது.