செகாமட் நாடாளுமன்றத் தொகுதி: மாறிய எல்லைகள், மாறிய பிரதிநிதிகள்

ஜொகூர் மாநிலத்தின் வடக்குக் கோடியில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய தொகுதி செகாமட். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் பி.140. ஜொகூரின் 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் முதல் எண் இதற்குத்தான். பூலோ காசாப், ஜெமெந்தா ஆகிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும்.

மலேசிய இந்தியர்களின் அரசியலில் செகாமட்டுக்குத் தனி இடம் உண்டு. இங்கு வாக்காளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மலாய்க்காரர்களும் சீனர்களும்தான் பெரும்பான்மை. இருந்தும் 1980-ஆம் ஆண்டுகளில் ம.இ.கா.வின் கைக்கு வந்தது முதல், கட்சி மாறினாலும், இத்தொகுதியின் உறுப்பினர் இந்தியராகவே இருந்து வருகிறார்.

1955-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தலில் மொத்தம் 52 தொகுதிகள், ஜொகூருக்கு எட்டு. செகாமட் அந்த எட்டில் ஒன்று. சுதந்திரத்துக்குப் பின் 1959 தேர்தலுக்காக ஒவ்வொரு தொகுதியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 104 ஆனது. செகாமட்டும் செகாமட் உத்தாரா, செகாமட் செலாத்தான் என வடக்கும் தெற்குமாகப் பிரிந்தது. பின்னாளில் துணைப் பிரதமரான துன் மூசா ஹீத்தாம் முதன்முதலில் நாடாளுமன்றம் சென்றது செகாமட் உத்தாராவிலிருந்துதான்.

1974 மறுசீரமைப்பில் வடக்கு, தெற்கு என்ற பிரிவு மறைந்தது. செகாமட் மீண்டும் ஒரே பெயரில் வந்தது. லாபிஸ் தனித் தொகுதியானது. மூசா லாபிஸுக்கு மாறினார். செகாமட்டில் ம.சீ.ச. தலைவர் லீ சான் சூன் நின்று வென்றார். 1982-இல் அவர் ஜ.செ.க.வின் சவாலை ஏற்றுச் சிரம்பானுக்குப் போனார். அதன் பிறகுதான் செகாமட் ம.இ.கா. தொகுதியாக அறியப்படலாயிற்று.

ம.இ.கா.வின் அன்றைய துணைத் தலைவர் டான்ஸ்ரீ எஸ்.சுப்பிரமணியம் (தந்தை பெயர் சின்னையா) பல தவணைகள் இங்கு உறுப்பினராக இருந்தார். 2004-இல் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்டவரும் எஸ்.சுப்பிரமணியமே! தோல் நோய் நிபுணரான டாக்டர் எஸ்.சுப்பிரமணியம் (தந்தை பெயர் சதாசிவம்). பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவோர் இருவரையும் ஒருவரெனக் கொள்வது இன்றும் நடக்கிறது.

அதே 2004 தேர்தலில் எல்லைகளும் மாறின. ஜொகூரின் தொகுதிகள் 20-இலிருந்து 26 ஆயின. செகாமட் மாவட்டத்தில் செகிஜாங் புதிதாக உருவானது. செகாமட் நகரை ஒட்டிய கெமெலா இப்போது செகிஜாங்கின் கீழ் வருகிறது. "செகாமட்டுக்காரர்" என்று சொல்லிக்கொள்பவர் செகாமட் தொகுதியின் வாக்காளராக இல்லாமல் இருப்பது இதனால்தான். சுவையான ஒற்றுமை ஒன்று: செகாமட், செகிஜாங், லாபிஸ் மூன்றுமே ஒரு சுகாதார அமைச்சரைத் தந்துள்ளன. லாபிஸின் சுவா சொய் லெக், செகாமட்டின் டாக்டர் சுப்பிரமணியம், செகிஜாங்கின் டாக்டர் சாலிஹா முஸ்தபா.

2008-இல் ம.இ.கா. நாடு முழுவதும் மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் மட்டுமே வென்றது. அவற்றில் ஒன்று செகாமட்; பெரும்பான்மை 2,991. டாக்டர் சுப்பிரமணியம் மனிதவள அமைச்சரானார். 2013-இல் பி.கே.ஆர். சார்பில் சுவா ஜுய் மெங் எதிர்த்து நின்றபோது அது 1,217 ஆகச் சுருங்கியது. அதே நாளில் ஜெமெந்தா சட்டமன்றத் தொகுதி ஜ.செ.க.வுக்குப் போனது. சரிவு அப்போதே தொடங்கிவிட்டது என்பதுதான் சரி. 2018 தோல்வியைத் திடீர் அதிர்ச்சி என்று எழுதியவர்கள் இந்த எண்களைப் பார்க்கவில்லை.

2018-இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரும் சுகாதார அமைச்சருமான டாக்டர் சுப்பிரமணியத்தை பி.கே.ஆரின் எட்மண்ட் சந்தாரா குமார் 5,476 வாக்குகளில் தோற்கடித்தார். பூலோ காசாப்பை மட்டும் அம்னோ தக்கவைத்தது. 2020-இல் நம்பிக்கைக் கூட்டணி அரசு கவிழ்ந்தபோது சந்தாரா பி.கே.ஆரை விட்டு வெளியேறி, பின் பெர்சத்துவில் இணைந்து துணை அமைச்சரானார். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கட்சி ஒன்று, அவர்களைப் பிரதிநிதித்த கட்சி வேறு. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபர் 5-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2022 நவம்பர் தேர்தலில் பி.கே.ஆரின் யுனேஸ்வரன் ராமராஜ் தொகுதியை மீட்டார். தேசிய முன்னணி, நம்பிக்கைக் கூட்டணி, பெரிக்காத்தான் நேஷனல் ஆகிய மூன்று அணிகளும் அங்கு இந்தியர்களையே நிறுத்தின. செகாமட்டை இந்தியத் தொகுதியாக வைத்திருப்பது வாக்காளர் எண்ணிக்கையல்ல, கூட்டணிகளின் இந்தத் தொகுதிப் பங்கீடுதான். எல்லைக் கோடு நகர்ந்து இன விகிதம் மாறினால், ஒதுக்கீட்டுப் பேச்சும் மாறலாம்.

தீபகற்ப மலேசியாவின் கடைசி எல்லை மறுசீரமைப்பை மக்களவை 2018 மார்ச் 28-இல் ஏற்றது. ஒரு மறுஆய்வு முடிந்து அடுத்தது தொடங்கக் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 113-ஆவது விதி. அந்தக் கணக்கு 2026 மார்ச்சுடன் நிறைவடைகிறது. தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. எல்லைகளை மட்டும் மாற்ற மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் போதும்.

தேர்தல் ஆணையம் பரிந்துரைகளை வெளியிட்ட பின் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாத அவகாசம் உண்டு. தனி ஒருவரின் ஆட்சேபம் செல்லாது. மாநில அரசோ, பாதிக்கப்படும் பகுதியின் ஊராட்சி மன்றமோ, அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்தோ மனுச் செய்தால்தான் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். பத்து அன்னம், பூலோ காசாப், ஜெமெந்தா வட்டாரங்களிலுள்ள கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நூறு கையெழுத்துகளைத் திரட்டுவது கடினமல்ல. கையெழுத்திடுபவர் உண்மையில் எந்தத் தொகுதியின் பட்டியலில் இருக்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.