தலைச்சுமையும் கழுத்தின் நிலைகுலைவும்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கழுத்துவலி என்று போகிறவருக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்துவிட்டது, தலையில் பாரம் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவது நம் மருத்துவமனைகளின் வழக்கம். சமவெளியில் இந்த அறிவுரையை ஓரளவு கடைப்பிடிக்கலாம். வண்டி ஏறாத சரிவில் மரவள்ளியும் வாழைத்தாரும் விறகும் தலை வழியாகவே தார்ச்சாலைக்கு வந்துசேரும் கொல்லிமலையில் அதற்கு, பிழைப்பை விட்டுவிடு என்று பொருள். அறிவுரையின் கடுமை ஒருபுறம் இருக்கட்டும். அதன் அடிப்படையே சரியா என்பதுதான் இங்கு என் கேள்வி. படத்தில் தெரியும் தேய்மானத்தை நோயாகவும் சுமையின் எடையை அதன் காரணமாகவும் கொள்வது பாதி உண்மை. ஆபத்து கழுத்தின் நிலைகுலைவில் இருக்கிறது. அதைத் தூண்டுவதில் எடையைவிட, சுமை அச்சை விட்டு நகர்வதற்கே பங்கு அதிகம்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள். மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையிலோ, முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலோ டிஸ்க் எனப்படும் தட்டு கிடையாது. தலை இடவலம் திரும்புவதில் ஏறத்தாழப் பாதி அந்த இரண்டாவது மூட்டில் நடக்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் முன்னால் ஒரு தட்டு, பின்னால் இரண்டு பக்கமூட்டுகள், இவற்றைக் கட்டும் பிணைநார்கள். இந்த அமைப்பு தானாக எவ்வளவு தாங்கும் என்று மனோகர் பஞ்சாபி குழு 1998இல் சோதித்தது. தசைகளை நீக்கி, எலும்பும் நாரும் மட்டும் எஞ்சிய கழுத்து சுமார் 10 நியூட்டன் விசையில், அதாவது 1 கிலோ எடையில், மடங்கிவிட்டது. மனிதத் தலையின் எடையோ 4.5 முதல் 5 கிலோ. வெறும் தலையைத் தூக்கி நிறுத்தவே தசை ஓயாமல் வேலை செய்கிறது என்பது இதன் பொருள். கழுத்தின் உறுதி எலும்பில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் எண்ணை நினைவில் கொள்வது நல்லது.

பஞ்சாபி 1992இல் முன்வைத்த கோட்பாட்டில் மூன்று உறுப்புகள் சேர்ந்து முதுகெலும்பை நிலைநிறுத்துகின்றன: எலும்பு, தட்டு, நார் ஆகிய அசையாக் கட்டமைப்பு, தசை, இரண்டையும் ஆளும் நரம்புக் கட்டுப்பாடு. மூட்டு அசையத் தொடங்கும்போது எதிர்ப்பு மிகக் குறைவான ஒரு சிறு எல்லை உண்டு. அந்த எல்லை விரிவதையே அவர் நிலைகுலைவின் முதல் அடையாளமாகக் கொண்டார். இது எக்ஸ்ரேயில் நேராகத் தெரியாது. படத்தில் அளக்கக்கூடியதாக ஒயிட்டும் பஞ்சாபியும் முன்னரே வகுத்திருந்தவை, ஒரு முள்ளெலும்பு அடுத்ததன்மேல் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்தல், பக்கத்து இணைப்புகளைவிட 11 பாகைக்கு மேல் கூடுதலாகச் சாய்தல் ஆகியவை. அவை முற்றிய நிலையின் அளவுகள். அந்த அளவுகளை எட்டுமுன் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் தட்டுக்கு என்ன நேர்கிறது? வளர்ந்த மனிதரின் தட்டின் உட்பகுதிக்கு ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள முனைத்தகடுகள் வழியாக ஊறிவரும் சத்தே அதற்கு உணவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2004இல் எம்.ஆர்.ஐ. கொண்டு இந்த ஊறலைத் தொடர்ந்து படமெடுத்து, முனைத்தகடு சிதைந்தால் அதன் போக்கே மாறுகிறது என்று காட்டியது. அதே குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், தட்டு பிதுங்கிய 181 பேரில் பெரும்பான்மையோருக்குத் தட்டைச் சுற்றியுள்ள நார்வளையம் நடுவில் கிழியவில்லை. முனைத்தகட்டோடு அது சேரும் இடமே பெயர்ந்திருந்தது. இரண்டும் இடுப்புப் பகுதியில் செய்த ஆய்வுகள் என்பதால் கழுத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் ஒரு திசையைக் காட்டுகின்றன. எலும்பும் தட்டும் சேரும் விளிம்பை நேரான அமுக்கத்தைவிட இழுப்பும் முறுக்குமே எளிதில் பெயர்க்கும். தளர்ந்த மூட்டில் நாளெல்லாம் நடப்பதும் அந்த இழுப்பும் முறுக்கும்தான்.

தட்டு வற்றி உயரம் குறைந்ததும் பக்கமூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று இறங்குகின்றன. பின்னாலுள்ள மஞ்சள் நார்ப்பட்டை தளர்ந்து மடிந்து தண்டுவடப் பாதைக்குள் துருத்துகிறது. முள்ளெலும்பின் விளிம்பில் எலும்பு முளைகள் வளர்கின்றன. கிர்கால்டி-வில்லிசும் ஃபார்ஃபனும் 1982இல் இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு வகுத்த மூன்று கட்டங்களில் செயல்குறைவும் நிலைகுலைவும் முதல் இரண்டு. மூன்றாவது, விறைத்து மீண்டும் நிலைபெறுதல். முளைகள் அந்த மூன்றாம் கட்டத்தின் வேலை. மும்பை நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் இன்னும் ஒரு படி போகிறார். தட்டில் நோய் தொடங்கி நிலைகுலைவில் முடிகிறது என்ற வரிசையையே அவர் தலைகீழாக்குகிறார். தசை தளர்வதால் பக்கமூட்டில் நிலைகுலைவு முதலில் வருகிறது. தட்டின் சுருக்கமும் முளையும் நார்மடிப்பும் அதன் பின்விளைவுகள் என்பது அவர் கட்சி. அதனால் தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை அகற்றாமலே, மூட்டை நிலைநிறுத்தினால் போதும் என்கிறார். அந்த அறுவை முறையைப் பலர் ஏற்கவில்லை. அழுத்தம் முற்றிய நோயாளியிடம் அதை நான் ஆதரிக்கவும் மாட்டேன். ஆனால் அவர் சொல்லும் காரண வரிசை சுமை தூக்குவோரின் கழுத்துக்கு மற்ற விளக்கங்களைவிட நன்றாகப் பொருந்துகிறது.

தலைச்சுமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. ஜேகர் குழு 1997இலும், காங்கோவின் விறகு சுமப்போரை ஆராய்ந்த எச்சாரியும் ஃபோரியோலும் 2002இலும், சுமை தூக்குவோர் கழுத்தில் தேய்மானம் கூடுதல் என்றே கண்டனர். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தில் முளை இருப்பவருக்கெல்லாம் நோய் இருப்பதில்லை. சுமைக்குப் பழகிய கழுத்து தன்னை இறுக்கிக்கொண்டதன் தடயமாகவும் அவை இருக்கலாம். லெவி 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது வேறு வகை: தலையில் சுமை இருந்தபோதே கழுத்தில் காயம்பட்டவர்களைப் பற்றியது. மெல்லச் சேர்ந்த தேய்மானத்தையும் ஒரு நொடியில் வந்த சேதத்தையும் ஒரே கணக்கில் எழுதியதுதான் பின்வந்தவர்களின் குழப்பம் என்று தோன்றுகிறது.

கொல்லிமலைக்கு வருவோம். வளப்பூர் நாடானாலும் வாழவந்தி நாடானாலும் சுமை ஏற்றும் முறை ஒன்றுதான். துணியைச் சுற்றிச் சும்மாடு வைத்து, ஒருவர் குனிந்து நிற்க இன்னொருவர் தூக்கிவிட, தலை நிமிரும்போது மூட்டை உச்சியில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் கழுத்து அசைவதில்லை; இறக்கத்தில் கால் வைக்கும் இடத்தைக் கண்மட்டும் கீழிறங்கிப் பார்க்கும். சிக்கல் உட்காராத மூட்டையில். ஒரு கணக்கு: 30 கிலோ சுமை கழுத்தின் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் எலும்பில் இறங்குவது அந்த 30 கிலோவும் தலையின் எடையும். அதுவே 5 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால், பிடரித் தசை அச்சுக்கு 4 சென்டிமீட்டர் பின்னால் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 37.5 கிலோ அளவுக்கு அது கூடுதலாக இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பும் தட்டின்மேல் அமுக்கமாகவே இறங்கும். சுமை ஒரு கிலோகூடக் கூடவில்லை. தட்டு தாங்குவது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஈரப்பாறையில் கால் வழுக்கும் நொடியில் தசை பிந்தினால் மிச்சம் முழுவதையும் நாரும் நார்வளையமும்தான் ஏற்க வேண்டும்.

பயிர் மாற்றமும் இங்கே சேர்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த பல காடுகளில் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி வந்துவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க உழைத்தும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. ஒரு ஏக்கர் சாமை சில நூறு கிலோ தரும். மரவள்ளி பல டன். கிழங்கின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தானிய மூட்டை தலையின் வடிவுக்குப் படிந்துகொடுக்கும். கிழங்கு மூட்டை படியாது, நடக்க நடக்க உள்ளே உருளும். உணவு, மண்வளம் என்றே பேசப்பட்ட இந்த மாற்றத்தைக் கழுத்தின் பக்கமிருந்தும் பார்க்க இடமிருக்கிறது.

தலைச்சுமை உடலுக்கு இசைந்தது என்று வாதிடுவோர் 1986இல் நேச்சர் இதழில் மலோய் குழு எழுதியதைக் காட்டுவார்கள். கென்யப் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவின்றிச் சுமந்தார்கள் என்பது அதன் முடிவு. அழகான ஆய்வு. ஆனால் அவர்கள் அளந்தது மூச்சை, தட்டை அல்ல.

சுமைக்கு வெளியேயும் ஓர் ஆபத்து உண்டு. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைப் பறிக்க உயரம் ஏறுகிறார்கள். விழுந்தால் கழுத்து முறியலாம். முறிந்த கழுத்தைத் தோளில் தூக்கித் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து, மலையடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்க வேண்டும். எலும்பு முறிவில் தப்பிய தண்டுவடம் இந்தப் பயணத்தில் நசுங்கக்கூடும். பலகையில் கிடத்தித் தலையின் இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டத் தெரிந்த நான்கு பேர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பது இங்கே முதல் தேவை.

சுமை விஷயத்தில் சட்டத்தால் பெரிய பயன் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆம் பிரிவில் மிகுசுமையைத் தடுத்தது. கேரளம் 1978இல் சுமைத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தன் காட்டுக் கிழங்கைத் தானே சுமப்பவர் இத்தகைய சட்டத்துக்குள் வரமாட்டார். வந்தாலும் எடைக்கு வரம்பு கட்டுவது சாய்வுக்கு வரம்பு கட்டாது. பாதையில் நூறு அடிக்கு ஒன்றாக மார்பளவு உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டால், களைத்த தசைக்கு ஓய்வும் கிடைக்கும், குனிந்து ஏற்றுவதும் குறையும். சுமைதாங்கி தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் புதிதல்ல.

மருத்துவமனை செய்ய வேண்டியது வேறு. முளை தெரிகிறதா என்று தேடுவதை விட்டு, தண்டுவடம் நசுங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதியவர்களிடம் கீழ்க்கழுத்து விறைத்துவிட்டால் அசைவெல்லாம் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளின் மட்டத்துக்கு ஏறி, அங்கே புதிய நகர்வு தொடங்குவது தெரிந்த விஷயம். இவர்களில் பலருக்கு வலியே இருக்காது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறும், நடை தள்ளாடும். ஜப்பானின் ஓனோ குழு 1987இல் விவரித்த சோதனைக்குக் கருவி ஏதும் தேவையில்லை: 10 விநாடியில் கையை எத்தனை முறை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ண வேண்டும். நலமாக இருப்பவர் 20 முறையாவது செய்வார். 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இருக்கிறது. மலைமேலுள்ள செம்மேட்டிலிருந்து கிளம்பும் அந்தத் திட்டக் குழுவின் அட்டையில் இதற்கு ஒரு வரி சேர்த்தால், யாருக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், யார் சும்மாட்டைக் கீழே வைக்க வேண்டும், யார் தயங்காமல் தொடர்ந்து சுமக்கலாம் என்று பிரித்தறிய முடியும்.