‘ஆர்க்காடு’ எனப் பொறித்த வெள்ளி: கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் புழங்கிய ரூபாய்களின் அக்கசாலைகள் (1690–1835)

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 1690 முதல் 1835 வரை கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் புழங்கிய வெள்ளி நாணயங்கள் எந்த அக்கசாலைகளிலிருந்து வந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நாணயத்தின் மேலுள்ள ஊர்ப்பெயர், அரசர் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் அப்படியே சான்றாகக் கொள்ள இயலாது என்பதும், அக்கசாலைக்குறி, விளிம்பு, எடை ஆகியவையே நம்பத்தக்கவை என்பதும் இதன் வாதம். வெள்ளியின் பிறப்பிடம் தமிழகத்துக்கு வெளியே, பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்காவில், இருந்தமையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆர்க்காட்டு ரூபாய், அக்கசாலை, தேவனாம்பட்டினம், புதுச்சேரி, சராப்பு, வட்டம்

வெள்ளி வேரூன்றாத நிலம்

தமிழகத்தின் நாணய மரபு பொன்னும் செம்பும் சார்ந்தது. முதலாம் இராசராசன் காலத்து வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. ஆயினும் விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருந்தொகைகள் வராகனிலும் பணத்திலும் எண்ணப்பட்டன. சந்தைச் செலவு செப்புக்காசில் நடந்தது. வெள்ளி ரூபாய் இந்நிலப்பகுதிக்குப் பிற்பட்ட வரவு. அது இரு வாயில்கள் வழியே வந்தது. ஒன்று, தெற்கு நோக்கி விரிந்த முகலாய ஆட்சி. மற்றொன்று, துணி வாங்கக் கடல் கடந்து வந்த ஐரோப்பியக் கும்பினிகள்.

இவ்விரு வாயில்களும் கடலூர்ப் பகுதியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் திறந்தன. 1690இல், செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் இராசாராமிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கும்பினி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த எல்லை வரையிலான நிலமும் அக்கிரயத்தில் அடங்கியதால் ‘குண்டு கிராமங்கள்’ என்னும் பெயர் பிறந்தது. கோட்டை செயின்ட் டேவிட் எனப் பெயர் பெற்றது. 1692இல் சென்னையில் முகலாயப் பேரரசர் பெயரால் ரூபாய் அச்சிட இளவரசர் காம்பக்சு கும்பினிக்கு ஒப்புதல் தந்தார். ‘சீனாப்பட்டன்’ என்னும் ஊர்ப்பெயர் தாங்கிய ரூபாய்கள் அதன் விளைவு. 1698இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று.

ஓர் ஊர்ப்பெயர், பல அக்கசாலைகள்

18ஆம் நூற்றாண்டில் கருநாடக நவாபின் தலைநகரான ஆர்க்காட்டில் அச்சான ரூபாய் இப்பகுதியின் அளவுகோலாயிற்று. மக்கள் கையில் பழகிய நாணயத்தின் தோற்றத்தை மாற்றினால் சராப்பு அதை உரைத்து, நிறுத்து, வட்டம் கழித்தே ஏற்பார். ஆகவே புதிய அக்கசாலைகள் யாவும் பழைய பெயரையே இரவல் பெற்றன.

1736இல் புதுச்சேரி ஆளுநர் துய்மா, நவாப் தோஸ்து அலி கானிடமிருந்து புதுச்சேரியில் ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அவ்வாண்டே. ரூபாய், வராகன், பணம் ஆகியவற்றின் புழக்கத்தை அதில் தொடர்ந்து காணலாம். எனினும் அதனை அரசியல் ஆவணமாக மட்டுமே படித்த வழக்கம் இன்றும் முற்றிலும் மாறவில்லை. 1742இல் ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாயைச் சென்னையில் அச்சிட நவாபின் இசைவைப் பெற்றனர்.

இவ்வாறு மூன்று இடங்களில் அச்சான ரூபாய்களிலும் பாரசீக எழுத்தில் ‘ஆர்க்காட்டில் அச்சிடப்பட்டது’ என்றே இருந்தது. வேறுபாடு குறிகளில் உள்ளது. புதுச்சேரி நாணயம் பிறைக்குறி தாங்கியது. சென்னை நாணயத்தின் அடையாளம் தாமரை. பிற்காலத்தில், சென்னை மாகாணப் புழக்கத்துக்கெனக் கல்கத்தாவில் அச்சானவை ரோசாக்குறி பெற்றன. அமெரிக்காவின் மேற்கு எல்லை மாநிலங்களில் புழங்கிய வெள்ளி டாலர்களை ஆராய்வோர்க்கு இச்சிக்கல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை தன் நாணயத்தில் ‘எஸ்’ எழுத்தையும், 1870இல் அச்சிடத் தொடங்கிய கார்சன் நகர அக்கசாலை இரட்டைச் ‘சி’ எழுத்தையும் வெளிப்படையாகப் பொறித்தன. இங்கோ அக்கசாலை தன் ஊரை மறைத்துக்கொள்வதே நாணயம் செல்லுபடியாவதற்கான நிபந்தனை.

கடலூருக்கு மிக அண்மையிலிருந்த அக்கசாலை எது எனின், புதுச்சேரியே. இடைத்தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்ஙனமாயின் கடலூர்ச் சந்தையை நிறைத்தது பிறைக்குறி ரூபாய் எனக் கருதத் தோன்றும். ஆனால் அண்மையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. புதுச்சேரியிலும் சென்னையிலும் அச்சான ஆர்க்காட்டு ரூபாயில் பெரும்பகுதி வங்காளத்துக்குக் கப்பலேறியது. வங்காள நெசவு மையங்களில் ஆர்க்காட்டு ரூபாய்க்கு நிலையான வேண்டுகை இருந்தது; சந்தர்நாகூரிலும் கல்கத்தாவிலும் துணி வாங்கிய கும்பினிகளுக்கு அது கைமுதலாயிற்று. கடலூர்ப் பகுதியின் நெசவாளர்க்கோ வராகனே பழகிய நாணயம். ஒரே கடற்கரையில் அச்சான வெள்ளி வடகிழக்கே செல்ல, அக்கரைக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பொன்னாட்சி நீடித்தது என்பது இவ்வட்டாரப் பொருளியலை விளங்கிக்கொள்ள இன்றியமையாத செய்தி. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் பெயரால் வழங்கிய வராகனும் பொன் நாணயமே. நட்சத்திர வராகனைவிட மாற்றுக் குறைந்தது என்பதனால் சராப்புகள் அதனைத் தனி விலைக்கே கொண்டனர்.

போர் இந்நிலையைக் கலைத்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது அதன் அக்கசாலையும் ஆங்கிலேயர் கைவிட்டுப் போயிற்று. சென்னை 1749இல் மீண்டது. எனினும் சோழமண்டலக் கரையில் கும்பினியின் தலைமையிடமாகச் செயின்ட் டேவிட் கோட்டை 1752 வரை நீடித்தது. 1749இல் இங்கிருந்தே கொள்ளிடக் கழிமுகத்துத் தேவிக்கோட்டைக்குப் படை சென்றது. சிதம்பரம் கோயில் மதில்கள் கோட்டைமதிலாயின. பிரெஞ்சுப் படையும், 1760இல் ஆங்கிலப் படையும், பின்னர் ஐதர் அலியின் படையும் அங்கே தங்கின. 1781 சூனில் அயர் கூட் அதனைத் தாக்கித் தோற்றார். சிப்பாய்ச் சம்பளம், தீனி, வண்டிச்சத்தம் ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும். துணி வாணிகத்தைவிடப் படைச்செலவே வெள்ளியை உள்ளூர்களுக்குள் பரப்பியது எனக் கருத இடமுண்டு. 1782 முதல் 1785 வரை கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்ததையும் நோக்குமிடத்து, ஒரே ஊரில் பிறையும் தாமரையும் கலந்து கிடைப்பதில் வியப்பில்லை.

உறைந்த ஆண்டு

ஊர்ப்பெயரைப் போன்றே ஆண்டும் ஏமாற்றும். சென்னை ஆர்க்காட்டு ரூபாய்களில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், இசுலாமிய ஆண்டு 1172உம், ஆட்சியாண்டு 6உம் உள்ளன. இது கி.பி. 1758–59க்கு இணையானது. அவ்வரசர் 1759இல் இறந்தார். நாணயத்தில் அவர் 1835 வரை வாழ்ந்தார். (லாலியின் படை செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தது 1758இல் என்பதால், கடலூர்ப் பகுதியில் கிடைக்கும் 1172ஆம் ஆண்டு ரூபாயை அம்முற்றுகையோடு இணைத்துக் காண ஆர்வம் எழுதல் இயல்பு. அவ்வார்வம் தவிர்க்கத்தக்கது.) காலத்தை அறியத் துணைபுரிவது விளிம்பே. 1807க்கு முற்பட்டவை கையால் அடித்தவை. வில்லை ஒழுங்கற்றது, எழுத்து பாதி வெளியே ஓடியிருக்கும். அதன்பின் இயந்திரத்தில் அச்சானவை வட்டம் பிழையாதவை, விளிம்பில் வரிகள் கொண்டவை.

கடல் கடந்த வெள்ளி

அக்கசாலையை அறிந்தபின்னும் வெள்ளி எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சுகிறது. மெக்சிகோ, பொத்தோசி ஆகிய இடங்களில் அச்சான எட்டு ரியால் நாணயமே, அதாவது ஸ்பானிய டாலரே, ஐரோப்பியக் கப்பல்களில் பெட்டி பெட்டியாக இக்கரைக்கு வந்தது. அக்கசாலைக்கு அது மூலப்பொருள். 1772க்குப் பிற்பட்ட டாலர் ஏறத்தாழ 27 கிராம் எடையும், ஆயிரத்துக்கு 903 பங்கு தூய வெள்ளியும் உடையது. 1818இல் வரையறுத்த சென்னை ரூபாயில் தூய வெள்ளி 165 கிரெயின். ஆகவே ஒரு டாலரை உருக்கினால், அச்சுக்கூலி நீங்கலாக, ஏறத்தாழ இரண்டேகால் ரூபாய் தேறும்.

சில நேரங்களில் உருக்குவதற்கும் பொறுமை இருக்கவில்லை. 1807–08இல் சென்னையில் வெளியான வெள்ளி அரைவராகன்களுள் ஸ்பானிய டாலரின் மேலேயே அச்சடித்தவை உள. ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமால் உருவும் கொண்டு, ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்துகளில் பெயர் தாங்கிய அந்நாணயத்தைச் சாய்வொளியில் நோக்கினால், அடியிலுள்ள ஸ்பானிய எழுத்துகளின் சாயல் தென்படுவதுண்டு. அதே எட்டு ரியால் 1857 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் சட்டப்படி செல்லுபடியாயிற்று. மிசிசிப்பிக்கு மேற்கே வண்டியோட்டியவரும் பரங்கிப்பேட்டைத் துறையில் சரக்கு இறக்கியவரும் ஒரே அக்கசாலையின் வெள்ளியைக் கையாண்டிருக்கக்கூடும்.

பணக்கணக்கின் எல்லைகள்

சில்லறையில்தான் மக்கள் இழப்பு மிகுதி. சென்னைக் கணக்கில் பன்னிரண்டு பணம் ஒரு ரூபாய். மூன்றரை ரூபாய் அல்லது 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பணம் ஒன்றுக்குக் காசு 80. புதுச்சேரியின் வெள்ளிப் பணமோ எட்டு கொண்டது ஒரு ரூபாய். தெற்கே தரங்கம்பாடியில் தேனியர் அச்சிட்ட ‘ரோயலின்’ வெள்ளிக்காசும் எட்டுக்கு ஒரு ரூபாய். கடலூர், சிதம்பரம் பகுதி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ‘பணம்’ என்னும் ஒரே சொல் சென்னைக் கணக்கில் ஒரு மதிப்பும் புதுச்சேரிக் கணக்கில் வேறு மதிப்பும் உணர்த்தியது. வரி கட்டக் கச்சேரிக்குச் செல்லும் குடியானவர் எந்தப் பணத்தைக் கொண்டுசென்றாலும் அதன் மாற்றுவிகிதத்தை முடிவு செய்தவர் அவரல்லர். வட்டம் என்பது ஏட்டில் வராத மற்றொரு வரி.

1801இல் கருநாடகம் கும்பினி ஆட்சிக்குட்பட்டபோது தென்னார்க்காடு மாவட்டம் உருவாயிற்று. கணக்குகள் சிலகாலம் வராகனிலேயே நின்றன. 1818 சனவரியில் சென்னை அரசு வெள்ளி ரூபாயை முதல்நாணயமாக அறிவித்தது. நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்பது விகிதம். இவ்வாண்டு அறக்கட்டளை ஆய்வுக்கும் முதன்மையானது. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் சிதம்பரம் கோயிலுக்கு ஏற்படுத்திய அறங்கள் வராகன் காலத்தவை. அத்தகைய கொடைகளைப் பிற்கால ரூபாய்க் கணக்கோடு ஒப்பிடுவோர், பொன் மதிப்பீடு வெள்ளி மதிப்பீடாக மாறியதையும் கருத்தில் கொள்ளல் வேண்டும். 1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் நான்காம் வில்லியமின் தலையுருவம் பொறித்த ஒரே ரூபாயைக் கும்பினி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் விதித்தது. ஆர்க்காட்டின் பெயர் நாணயத்திலிருந்து அகன்றது. புதுச்சேரி 1837 வரை தன் வெள்ளிப் பணத்தை அச்சிட்டது. சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டது.

புதையற் பதிவேடுகளும் ஆய்வும்

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் கிடைக்கும் காசுகள் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவை. அவ்வழியே சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தவை பல. அதன் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் கும்பினி நாணயங்களின் வரலாற்றை நூலாக்கினார். ஒரு புதையலை ‘ஆர்க்காட்டு ரூபாய்’ என ஒற்றைத் தொடரில் பதிவதால் ஆர்க்காடு, புதுச்சேரி, சென்னை, கல்கத்தா என்னும் நான்கு அக்கசாலைகள் ஒன்றாகிவிடும். ஏறத்தாழ நூறாண்டுக் கால வேறுபாடும் மறையும். ஒவ்வொரு நாணயத்துக்கும் குறி பிறையா தாமரையா ரோசாவா, விளிம்பு வரியுள்ளதா அற்றதா, எடை எவ்வளவு, சராப்பு முத்திரை எத்தனை, அடியில் பழைய அச்சின் சுவடு உண்டா என்பவற்றைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். கடலூர்க் கரையோரக் கண்டெடுப்புகளையும் சிதம்பரம் வட்டத்தின் உள்ளூர்க் கண்டெடுப்புகளையும் பிரித்துப் பட்டியலிட்டால், பிறைக்குறி ரூபாய் கொள்ளிடம் வரை எட்டியதா, வெள்ளாற்றங்கரையோடு நின்றதா என்பதை அந்நாணயங்களைக் கொண்டே எண்ணிக் காணலாம்.