பீரங்கிக் கணக்கும் மக்கள் மன்றமும்

அரசாங்கம் தான் செலவிடும் ஒவ்வொரு சதத்துக்கும் மக்கள் பிரதிநிதிகளிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்று குடியியற் பாடத்திலே மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவர்களும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதி விடுகின்றனர். ஆனால் இந்தக் கோட்பாடு படைச் செலவு என்னும் வாசலை அடைந்தவுடன் பெரும்பாலும் தலை குனிந்து திரும்பி விடுகிறது. கல்விக்கும் வைத்தியத்துக்கும் ஒதுக்கிய பணத்தைத் துருவித் துருவி ஆராயும் சபைகள், பீரங்கிக்கு ஒதுக்கிய பணத்தின் முன்னே மௌனம் சாதிப்பதேன்? அந்த மௌனத்தால் நன்மை பெறுவோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, முதலாம் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஜேர்மன் சபையில் நிகழ்ந்தவற்றை நாம் சற்று ஆராய்வது பயன் தரும்.

1871 ஆம் ஆண்டில் பிஸ்மார்க் உருவாக்கிய ஜேர்மன் பேரரசின் அரசியலமைப்பு இரண்டு முகங் கொண்டது. ரைஸ்டாக் எனப்பட்ட அதன் சபைக்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவரும் வாக்களித்தனர். அக்காலத்து இங்கிலாந்திலேனும் அத்துணை விரிந்த வாக்குரிமை இருந்ததில்லை. இது ஒரு முகம். மறு முகமோ வேறு. சான்சலரை நியமிப்பவரும் நீக்குபவரும் கைஸரே. சபையின் நம்பிக்கையை இழந்த சான்சலர் பதவி விலக வேண்டும் என்ற நியதி கிடையாது. படைக்குக் கட்டளையிடும் அதிகாரமும் கைஸர் ஒருவருக்கே உரியதாயிருந்தது.

சபையின் கையில் எஞ்சியிருந்த ஒரே பிடி பணம். அந்தப் பிடியையும் பிஸ்மார்க் தளர்த்தி விட்டார். 1874 ஆம் ஆண்டுச் சட்டம், சமாதான காலப் படையின் தொகையை 4,01,659 என ஏழாண்டுகளுக்கு ஒரே தடவையில் நிர்ணயம் செய்தது. அப்போது சபையின் ஆயுளோ மூன்றே ஆண்டு. ஆகவே ஒரு சபை கலைந்து மறு சபை தெரிவாகி வந்தாலும், படைச் செலவின் அத்திவாரத்தில் அது கைவைக்க முடியாது. 1893 இல் இந்தக் கால எல்லை ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டதாயினும், அடிப்படை மாறவில்லை.

இத்தகைய சபையிலேதான் 1912 ஜனவரித் தேர்தலின் பின் 397 ஆசனங்களில் 110 ஐக் கைப்பற்றிய சமூக ஜனநாயகக் கட்சி மிகப் பெரிய கட்சியாக வந்தமர்ந்தது. அதே ஆண்டிலே சபையின் நிலையியற் கட்டளைகளும் திருத்தப்பட்டன. தனி உறுப்பினர் ஒருவர் அரசாங்கத்திடம் சுருக்கமாக எழுத்திற் கேள்வி கேட்டு, சபையில் விடை பெறும் உரிமை அப்போதுதான் கிடைத்தது. சிறிய உரிமைதான். ஆனால் சிறிய உளியாலும் பாறையில் கீறலிடலாம் என்பதை ஒருவர் காட்டினார். அவரே கார்ல் லீப்னெக்ட்.

1871 இற் பிறந்த லீப்னெக்ட் தொழிலால் வழக்கறிஞர். இராணுவவாதத்தை எதிர்த்து நூலெழுதிய குற்றத்துக்காக 1907 இல் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர். 1912 இல் அவரைத் தெரிவு செய்த தொகுதி பொட்ஸ்டாம், ஸ்பண்டோ ஆகியவற்றை உள்ளடக்கியது. பொட்ஸ்டாமிலே கைஸரின் அரண்மனை. ஸ்பண்டோவிலே அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைகள். துப்பாக்கி செய்த தொழிலாளரே துப்பாக்கிக் கணக்கைக் கேட்பவரைச் சபைக்கு அனுப்பினர் என்பது நாம் கவனிக்க வேண்டிய உண்மையாகும்.

1913 வசந்த காலத்தில் அரசாங்கம் மிகப் பெரிய படைப் பெருக்க மசோதா ஒன்றைச் சபையின் முன் வைத்திருந்தது. அதற்கென ஏறத்தாழ 100 கோடி மார்க் சொத்துடையோரிடம் ஒரு முறை வரியாக அறவிடப்படவிருந்தது. நாடு ஆபத்தில் இருக்கிறது, கேள்வி கேட்க இது காலமன்று என்ற குரல் எங்கும் ஒலித்தது. அவ்வேளையிலே, ஏப்ரல் 18 ஆம் நாள், லீப்னெக்ட் எழுந்து குருப் நிறுவனத்தைப் பற்றிப் பேசினார்.

குருப் என்றால் பீரங்கி. பீரங்கி என்றால் குருப். ஜேர்மன் படையின் மாபெரும் ஆயுத வழங்குநரான அந்நிறுவனம் பேர்ளினில் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய பிராண்ட் என்பவர் பீரங்கிப் படையின் பழைய ஊழியர். தம்முடைய பழைய தோழர்களாகிய இராணுவ நிருவாக அலுவலருக்குச் சிறு தொகைகளும் விருந்துகளும் கொடுத்து, அவர்களிடமிருந்து அவர் இரகசியத் தகவல்களைப் பெற்று வந்தார். போட்டி நிறுவனங்கள் கேட்ட விலை என்ன, படைக்கு எந்த ஆயுதம் எவ்வளவு தேவைப்படும் என்பன போன்ற செய்திகள் சங்கேதப் பெயர் பூண்ட அறிக்கைகளாகக் குருப்பின் தலைமையகத்தை அடைந்தன. இவற்றின் பிரதிகள் 1912 இறுதியில் லீப்னெக்டின் கையை எட்டின. அவர் முதலில் அவற்றை யுத்த மந்திரி ஹீரிங்கனிடமே ஒப்படைத்தார். விசாரணை தொடங்கிய பின்னரே சபையில் வாய் திறந்தார்.

அவர் வெளியிட்ட மற்றொரு செய்தியும் உண்டு. ஜேர்மன் ஆயுத வெடிமருந்து நிறுவனம் ஒன்று, 1907 இல், பாரிஸிலிருந்த தன் முகவருக்குக் கடிதம் எழுதியிருந்தது. பிரெஞ்சுப் படை இயந்திரத் துப்பாக்கிகளை இருமடங்காக வாங்கப் போகிறது என்ற செய்தியை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் இடம்பெறச் செய்யுமாறு அது கேட்டது. பிரெஞ்சுப் பத்திரிகையில் அச்சேறினால் ஜேர்மனியில் பயம் பிறக்கும். பயம் பிறந்தால் பணம் பிறக்கும். நாட்டைக் காக்க ஆயுதம் வேண்டும் என்றவர்களே, ஆயுதம் விற்பதற்காக அபாயத்தை உற்பத்தி செய்ய முனைந்தனர்.

இந்த வழக்கில் ஒரு பேருண்மை பொதிந்துள்ளது. படை விவகாரம் இரகசியம் என்று கூறி மக்கள் பிரதிநிதிகளுக்கு மறைக்கப்பட்டது. அதே இரகசியம் ஒரு விருந்தின் விலைக்கு வியாபாரியின் மேசைக்குச் சென்றது. யுத்த காலத்தில் படைகளின் இருப்பிடத்தைப் பகிரங்கமாகக் கூற முடியாது என்பது நியாயமே. அதனை எவரும் மறுப்பதில்லை. ஆனால் ஒரு பீரங்கியின் விலை எதிரியிடமிருந்து காக்க வேண்டிய இரகசியமா, அன்றி வரி செலுத்துவோனிடமிருந்து மறைக்க வேண்டிய இரகசியமா? இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்பி விடுவதிலேதான் ஆயுத வணிகத்தின் இலாபம் தங்கியிருந்தது.

விளைவு யாது? சில இராணுவ அலுவலர் தண்டிக்கப்பட்டனர். பிராண்டுக்கு நான்கு மாதச் சிறை. குருப்பின் இயக்குநர் ஒருவருக்கு 1,200 மார்க் அபராதம். நிறுவனத்தின் நிருவாகத் தலைவரான ஹூகன்பேர்க் பதவியிலேயே தொடர்ந்தார். அவரே இருபதாண்டுகளின் பின், 1933 ஜனவரியில், ஹிட்லரின் முதல் மந்திரி சபையில் இடம் பெற்றவர். ஆயுதக் கொள்வனவை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்தபோது, லீப்னெக்ட் அதில் உறுப்பினராவதை அரசாங்கம் ஏற்க மறுத்தது. பெருக்க மசோதாவும் நிறைவேறியது. மசோதாவை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சி, அதற்கான வரிக்கு மட்டும், அது செல்வர் மீது விழுகிறது என்ற நியாயத்துடன், ஆதரவாக வாக்களித்தது. செலவு தவறு, ஆனால் அதற்குப் பணம் திரட்டும் முறை சரி என்ற இந்தத் தர்க்கத்திலேயே பின்னாளின் சறுக்கலுக்கு வித்திருந்தது என நாம் கருதுகிறோம்.

அதே ஆண்டின் இறுதியில் அல்சாஸ் பிரதேசத்துச் சாபேர்ன் நகரிலே படையினர் சட்டத்தைக் கையிலெடுத்துப் பொதுமக்கள் பலரைக் கைது செய்தனர். அது குறித்துச் சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கும் யுத்த மந்திரி பால்கன்ஹைனும் கூறிய விடை சபையைக் கொதிப்படையச் செய்தது. 1913 டிசம்பர் 4 இல், 293 வாக்குகளுக்கு 54 என்ற விகிதத்தில் அரசாங்கம் கண்டிக்கப்பட்டது. வேறொரு நாடாயின் அன்றே ஆட்சி கவிழ்ந்திருக்கும். அங்கோ சான்சலர் தம் ஆசனத்தில் அமர்ந்தபடியே இருந்தார். கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. விடையளிக்க வைக்கும் வலிமை இருக்கவில்லை.

1914 ஓகஸ்ட் 4 இல் 500 கோடி மார்க் யுத்தக் கடன் சபையின் முன் வந்தது. முதல் நாள் நடந்த சமூக ஜனநாயகக் குழுக் கூட்டத்தில் எதிர்த்தோர் 14 பேர். ஆதரித்தோர் 78 பேர். கட்சிக் கட்டுப்பாட்டின் பேரில் லீப்னெக்டும் அன்று ஆதரவாக வாக்களித்தார். எதிர்த்தவர்களுள் ஒருவரான ஹாஸவே கட்சியின் ஆதரவுப் பிரகடனத்தைச் சபையில் வாசிக்க நேர்ந்தது. படையின் கணக்கைக் கேட்பதற்கென மக்கள் அனுப்பிய 110 பேரின் குரல், ஒரே நாளில் அரசாங்கத்தின் குரலோடு கலந்து மறைந்தது.

டிசம்பர் 2 இல் மேலும் 500 கோடி மார்க் கேட்கப்பட்டது. இம்முறை லீப்னெக்ட் தன்னந்தனியாக எதிர்த்தார். அவர் எழுத்தில் சமர்ப்பித்த காரணத்தைச் சபைக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளத் தலைவர் கெம்ப் மறுத்து விட்டார். ஒருவர் வேண்டாம் என்றார் என்பது பதிவாகலாம். ஏன் வேண்டாம் என்றார் என்பது பதிவாகலாகாது! எனினும் அந்தக் காரணம் துண்டுப் பிரசுரமாகித் தொழிலாளர் கைகளில் இரகசியமாக உலாவியது. 1915 மார்ச்சில் ஒற்றோ றூலே அவருடன் சேர்ந்து எதிர்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் எதிர்த்த சமூக ஜனநாயகவாதிகள் இருபதின்மர்.

இதற்கிடையில் லீப்னெக்ட் படைத் தொழிலாளராகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சபை கூடும்போது வருவார். எழுதி வைத்த கேள்விகளை வாசிப்பார். பிற நாட்டு நிலங்களைக் கைப்பற்றும் எண்ணத்தை விடுத்துச் சமாதானம் பேச அரசாங்கம் ஆயத்தமா என்று 1915 ஓகஸ்டில் வினவினார். இவ்வேளையில் விடை கூறுவது பொருத்தமன்று என்பதே மந்திரியின் விடை.

1916 ஜனவரி 11 இல் அவர் எழுப்பிய கேள்வி வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. நேச நாடாகிய துருக்கியில் ஆர்மீனியர் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுக் கொல்லப்பட்டது சான்சலருக்குத் தெரியுமா என்று கேட்டார். வெளிநாட்டு அலுவலகத்தின் பிரதிநிதி எழுந்து, எதிரிகளின் தூண்டுதலால் நேர்ந்த கிளர்ச்சி காரணமாகத் துருக்கி அரசாங்கம் சில பகுதி மக்களுக்கு வேறு குடியிருப்பிடம் ஒதுக்கியுள்ளது, இது குறித்து இரு அரசாங்கங்களும் கருத்துப் பரிமாறுகின்றன, மேல் விவரம் கூற இயலாது என்றார். கொலைக்குக் குடியிருப்பு மாற்றம் என்று பெயரிட்டனர். லீப்னெக்ட் விடவில்லை. பேராசிரியர் லெப்சியுஸ் இதனை ஓர் இனத்தையே அழித்தொழித்தல் எனக் கூறியிருப்பது தெரியுமா என்று தொடர்ந்தார். தலைவர் மணியை அடித்தார். அது புதிய கேள்வி, அனுமதிக்க முடியாது என்றார். அடுத்த நாளே சமூக ஜனநாயகக் குழு, தன் உறுப்பினருக்குரிய உரிமைகளை லீப்னெக்ட் இழந்து விட்டதாகத் தீர்மானித்தது. மணியை அடித்தவர் எதிர்க்கட்சிக்காரர். கதவைச் சாத்தியவர் சொந்தக் கட்சிக்காரர்.

ஏப்ரல் 8 இல் யுத்தக் கடன்களின் கணக்கை அவர் தொட்டார். ஒரு கடனிற் செலவான பணமே மறு கடனாகச் சுற்றி வருகிறது என்று காட்டத் தொடங்கியதும் சபையில் ஆரவாரம் எழுந்தது. உறுப்பினர் ஒருவர் பாய்ந்து சென்று அவருடைய குறிப்புத் தாள்களைப் பறித்துத் தரையில் வீசினார். ஆனால் தாளைப் பறித்தவரால் கணக்கைப் பறிக்க முடியவில்லை. ஒன்பது கடன்களில் ஏறத்தாழ 9,800 கோடி மார்க் திரட்டப்பட்டது. தேசபக்தியோடு சேமிப்பைக் கொடுத்த ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு கடைக்காரர் ஆகியோரின் பத்திரங்கள் 1923 இன் பணவீக்கத்தில் வெறுங் காகிதமாயின. லீப்னெக்டின் கேள்வியைக் கேட்கச் சபை அன்று மறுத்தது. பின்னர் அதற்கு விடையை அந்த மக்கள் தம் சொந்தச் சேமிப்பாற் செலுத்தினர்.

1916 மே முதலாந் திகதி, பேர்ளின் பொட்ஸ்டாம் சதுக்கத்தில், யுத்தம் ஒழிக என முழங்கிய லீப்னெக்ட் கைதானார். அவருக்கிருந்த பாராளுமன்றப் பாதுகாப்பைச் சபையே நீக்கியது. ஜூன் 28 இல் அவர் தண்டிக்கப்பட்ட நாளன்று பேர்ளினில் ஏறத்தாழ 55,000 தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சபையில் தனித்திருந்தவர் நாட்டில் தனித்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேல் நீதிமன்றமோ தண்டனையை நான்கு ஆண்டும் ஒரு மாதமுமாக உயர்த்தியது.

1918 ஒக்டோபர் 28 இல்தான் சான்சலர் சபைக்குப் பொறுப்புடையவர் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரத்தில் யுத்தமும் முடிவுற்றது. அப்போது ஏறத்தாழ இருபது இலட்சம் ஜேர்மன் படையினர் இறந்து போயிருந்தனர், திறைசேரியும் வறண்டிருந்தது. பூட்டின் திறவுகோல் வீடு வெறுமையான பின்னரே மக்கள் கைக்கு வந்தது. 1919 ஜனவரி 15 இல் லீப்னெக்டும் றோசா லக்சம்பேர்க்கும் படையினராற் கொலையுண்டனர். அப்போது ஆட்சியிலிருந்தது, 1914 இல் யுத்தக் கடனுக்குக் கையுயர்த்திய அதே கட்சியின் தலைமைதான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? சபையிற் கேட்கப்படும் கேள்வியால் எப்பயனும் இல்லை என்று முடிவு கட்டுவோரும் உளர். அது தவறு. ஆர்மீனியரைப் பற்றி மந்திரிகள் உரைத்த மழுப்பலான விடை அன்று கேள்வியை மூடியது. இன்றோ அதுவே அவர்களுக்கெதிரான சாட்சியமாகி, அவர்கள் அறிந்திருந்தனர் என்பதை நிறுவுகிறது. அதே வேளை, கேள்வி கேட்கும் விதி ஒன்று ஏட்டிலிருந்தால் போதும் என்று திருப்தியடைவதும் தவறு. விடை கூற மறுக்கும் மந்திரியைப் பதவியிலிருந்து இறக்கும் வலிமை சபைக்கு வேண்டும். கேட்பவரைக் கைவிடாத இயக்கம் வேண்டும். அந்தக் கேள்வியைச் சபைக்கு வெளியே ஏந்திச் செல்லும் மக்கள் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மணியோசையே வெல்லும்.

ஆகவே, குடியியற் பாடத்தில் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அதனோடு நின்று விடலாகாது. கணக்குக் காட்டக் கடமைப்பட்டது என்று எழுதிய விரல், யார் கேட்டார், யார் மறைத்தார், யார் மணியடித்தார் என்பதையும் எழுதப் பழக வேண்டும்.