வாசலில் கிடந்த பூட்ஸ்

1915 டிசம்பர் 2. ஜப்பானை விட்டு வெளியேற, இந்தியப் புரட்சியாளர்களான ராஷ் பிஹாரி போஸுக்கும் ஹேரம்பலால் குப்தாவுக்கும் ஜப்பான் அரசு விதித்த கெடு அது. அதற்குள் கிளம்பும் கப்பல்கள் ஷாங்காய், ஹாங்காங் வழியாகப் போகிறவை. ஹாங்காங்கில் பிரிட்டிஷ் போலீஸ் காத்திருக்கும். அப்புறம் தூக்குமேடைதான்.

1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் போஸைத் தேடினார்கள். 1915 பிப்ரவரியில் லாகூரில் சிப்பாய்களைத் திரட்டிய திட்டமும் காட்டிக்கொடுக்கப்பட்டது. 'பி.என். தாகூர்' என்ற பெயரில் கல்கத்தாவில் கப்பலேறிய அவர், ஜூனில் கோபே துறைமுகத்தில் இறங்கினார்.

கோபேயிலும் யோகோஹாமாவிலும் அப்போதே இந்திய வணிகர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். பிரிட்டனோ ஜப்பானின் கூட்டாளி. தேடப்படும் ஆளுக்கு இடம் கொடுத்தால் அவர்கள் பிழைப்பே போய்விடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடம் கொடுத்தது ஒரு ரொட்டிக் கடை. ஷின்ஜுகுவில் 'நகமுராயா' நடத்திய சோமா ஐசோ, செய்தியைப் பேப்பரில் பார்த்துக் கொதித்துப்போனார். நம்பி வந்தவனைக் காட்டிக்கொடுப்பதா? கடைக்கு வந்த பத்திரிகைக்காரரிடம், எங்களைப் போன்றவர்கள் வீட்டில் ஒளித்துவைத்தால் யார் சந்தேகப்படுவார்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சு, அரசாங்கமே அஞ்சிய தேசியவாதத் தலைவர் தோயாமா மிட்சுருவின் காதுக்குப் போனது.

டிசம்பர் 1 இரவு. விடைபெறப் போகிறோம் என்று சொல்லி இருவரும் தோயாமா வீட்டுக்குப் போனார்கள். பின்தொடர்ந்த போலீசார் வெளியே நின்றார்கள். வாசலில் விருந்தாளிகளின் பூட்ஸ் கழற்றிவைத்தபடி கிடந்தது. உள்ளேதான் இருக்கிறார்கள் என்று காவல் காத்தார்கள். நேரம் போனது. விசாரித்தபோது வீட்டில் அவர்கள் இல்லை. பின்வழியாக, வேறு உடையில், காத்திருந்த காரில் ஏறி ஷின்ஜுகு போயே விட்டார்கள்!

கடைக்குப் பின்னால், ஓவியர்களுக்காகக் கட்டிய கூடத்தில் இருவரையும் தங்கவைத்தார்கள். ஐசோவின் மனைவி கொக்கோவுக்கு ஆங்கிலம் தெரியும். வெளியுலகோடு இருந்த தொடர்பு அவர்தான். வேலையாட்களிடம் உண்மையைச் சொன்னார் ஐசோ. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வேலையாட்களின் பெயர்களையும் வரலாறு எழுதிவைத்திருக்க வேண்டும்.

1916இல் ஜப்பான் அரசு உத்தரவைத் தளர்த்தியது. ஆபத்து தீரவில்லை. பிரிட்டிஷ் தூதரகத்தின் உளவாளிகள் மோப்பம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். போஸ் வீடு மாற்றி வீடு மாற்றி ஓடினார். தனி ஆளாக இனி தாக்குப்பிடிக்க முடியாது என்று கண்ட தோயாமா, ஒருநாள் ஐசோ தம்பதியிடம் ஒரு கோரிக்கை வைத்தார்.

உங்கள் மூத்த மகள் தோஷிகோவை இவருக்குக் கட்டிக்கொடுப்பீர்களா?

தாயும் தந்தையும் திகைத்தார்கள். முடிவை மகளிடமே விட்டார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கும் அந்நியருக்கு, அந்த இளம்பெண் என்ன பதில் சொன்னாள்?

(அடுத்த வாரம்)