பிரமச்சாரியின் தேட்டம்

மன்னர் முடிசூடியதும், மந்திரிசபைகள் கவிழ்ந்ததும், உடன்படிக்கைகள் எழுதப்பட்டதும், கிழிக்கப்பட்டதும் சரித்திர நூல்களில் இடம்பெறுகின்றன. வெள்ளவத்தையின் ஒழுங்கையொன்றில் ஓர் அறையை மூவரோடு பங்கிட்டு வாழும் வாலிபன் மாலை வேளையில் என்ன எண்ணுகிறான் என்பது அவற்றில் இடம்பெறுவதில்லை. மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில் கையில் எஞ்சியது எவ்வளவு. மனத்துக்கினியவளை ஞாயிறு மாலை கடற்கரைக்கு அழைத்துச் சென்றால் செலவு என்னவாகும். நெஞ்சில் எழுந்தவற்றை எழுதிவைத்தால் படிப்பார் உளரோ. இம் மூன்று எண்ணங்களே பெரும்பாலும் அவன் உள்ளத்தைச் சுற்றி வருவன. காசும் காதலும் எழுத்தும் வாலிபத்தின் விளையாட்டுக்கள் என்று மூத்தோர் சிரித்து ஒதுக்குவர். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. அவ்வாலிபனின் பணப்பைக்கு முந்நூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. அதனை அறியாதார் அவன் காதலையும் அறியார். அவன் எழுத்தையும் அறியார்.

ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் அப்பகுதித் தமிழரின் வழக்காறுகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டளவில் தேசவழமை என்னும் சட்டத் தொகுப்பாக்கினார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். பின்வந்த ஆங்கிலேயரும் 1806இல் அதற்குச் சட்டவலு வழங்கினர். அத்தொகுப்பில் மணமாகாத ஆண்மகனைப் பற்றிய விதியொன்று உண்டு. பிரமச்சாரியாயிருக்கும் காலம் முழுவதும் அவன் உழைத்து ஈட்டியதெல்லாம் குடும்பத்தின் பொதுச் சொத்திலே சேர்தல் வேண்டும். அவன் உடலில் அணிந்த பொன், வெள்ளி ஆபரணங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும் வரை ஆண்மக்கள் எதனையும் உரிமை கோரலாகாது. பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்து எஞ்சியதே ஆண்மக்களுக்கு முதுசமாகும்.

நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் இவ்வழமைக்கு ஒரு நியாயம் இருந்தது. தோட்டத்திலும் வயலிலும் தந்தையும் மைந்தரும் ஒன்றாய் உழைத்தனர். விளைந்த நெல்லில் எந்த மணி எவன் வியர்வையில் விளைந்தது என்று பிரித்தறிதல் இயலாது. ஆயின் மாதச் சம்பளம் அத்தகையதன்று. அது ஒருவன் பெயரில், ஒருவன் கையொப்பத்துக்கு வழங்கப்படும் பணம். உழைப்பு தனியனுடையதாகி, உரிமை மாத்திரம் குடும்பத்தினுடையதாய் நின்றபோதுதான் வாலிபனின் நெஞ்சில் முதன்முதலாக ஒரு கணக்கு எழுந்தது. சொத்துறவே மணவுறவை வடிவமைக்கிறது என்று 1884இல் குடும்பத்தின் தோற்றத்தை ஆராய்ந்த ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் அவ்வுண்மையைக் காண நூல் எதுவும் தேவையில்லை.

1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியும், அதன்பின் ஊர்தோறும் தோன்றிய ஆங்கிலப் பாடசாலைகளும் உத்தியோகத்துக்குத் தகுதியான இளைஞரை ஆண்டுதோறும் ஆக்கி அனுப்பின. வளங்குன்றிய குடாநாட்டு மண்ணில் அத்தனை பேருக்கும் வேலையில்லை. மலாயாவுக்கும் கொழும்புக்கும் அவர்கள் புறப்பட்டனர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்போடு முற்றாக இணைந்தபின் அப்பயணம் ஓரிரவுப் பயணமாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அக்காலத்து வேதவாக்கு. கொழும்பிலிருந்து வரும் மணியோடரை எதிர்பார்த்து ஊர் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே மணியோடர்ப் பொருளாதாரம் என்று அழைக்கும் வழக்கமும் பிறந்தது.

உத்தியோகம் பெற்ற வாலிபன் மணச் சந்தையில் ஒரு பண்டமானான். எழுதுவினைஞனுக்கு ஒரு விலை, வைத்தியனுக்கு ஒரு விலை, பொறியியலாளனுக்கு ஒரு விலை எனத் தரகர் வாயில் விலைப்பட்டியல் உலாவியது. காணி, வீடு, நகை என மணமகள் பெயரில் எழுதப்படும் சீதனத்தோடு, மணமகன் வீட்டார் கையில் ரொக்கமாக வாங்கும் 'டொனேஷன்' என்ற ஒன்றும் சேர்ந்துகொண்டது. அத்தொகை பெரும்பாலும் மணமகனைச் சேர்வதில்லை. அவன் தங்கையின் சீதனத்துக்காகக் கைமாறும். தங்கையை மணந்தவனின் வீட்டில் அதே பணம் இன்னொரு தங்கைக்காகக் காத்திருக்கும். ஒரு வீட்டின் பெண்ணைக் கரைசேர்க்க மறுவீட்டின் ஆண் விற்கப்படும் இச்சங்கிலியில் கொடியவர் என்று தனித்து எவரையும் சுட்டுதல் அரிது. தந்தையர் நல்லவர், தாயர் கண்ணீர் உடையவர், தமையன்மார் கடமையுணர்ந்தவர். எல்லோரும் நல்லவராயிருக்கவே ஓர் அநீதி தலைமுறை தலைமுறையாய் நடந்தேறியது.

இச்சங்கிலியின் ஒரு கண்ணியாகவே வெள்ளவத்தை வாலிபனை நாம் காணவேண்டும். நான்கைந்து பிரமச்சாரிகள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரன் ஒருவனை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்த ஏற்பாட்டுக்குச் 'சமறி' என்று பெயர். அங்கே அரிசியும் தேங்காயும் வாடகையும் கொப்பியொன்றில் சதக்கணக்காய்ப் பதியப்பட்டன. சம்பளத்தில் முதற்பங்கு ஊருக்கு, மறுபங்கு சமறிக்கு, எஞ்சியதில் ஒரு சினிமா, ஒரு பத்திரிகை, கடன் கொடுத்தவனுக்கு வட்டி. செலவாளி என்று ஊரில் பெயரெடுத்தவனின் கணக்கை எடுத்துப் பார்ப்பினும் அவன் தனக்கெனச் செலவிட்டது சொற்பமாகவே இருக்கும். வெள்ளவத்தை எழுதுவினைஞரின் குடியிருப்பு மாத்திரம் அன்று. அங்கிருந்த நூல் நூற்பு நெசவாலையின் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் ஆரம்ப அத்தியாயங்களுள் ஒன்று. ஒரே தெருவில் நடந்த தொழிலாளியையும் எழுதுவினைஞனையும் வெள்ளைச் சட்டையின் கஞ்சி பிரித்து வைத்தது.

காதலுக்கு இவ்வரவு செலவில் இடம் எங்கே? காலிமுகத் திடலின் கடலோர நடைபாதை 1859இல் நிறைவெய்தியபோது, கொழும்பு மாதர், சிறுவர் ஆகியோரின் நலனுக்காக அதனைப் பேணுமாறு தேசாதிபதி சேர் ஹென்றி வாட் தமக்குப் பின்வருவோரைக் கல்லிலே பொறித்து வேண்டிக்கொண்டார். அதே கடலோரத்தில் ஒரு குடைக்குள் இருவராய் அமர்ந்திருக்கும் இளஞ்சோடிகளை இன்றும் காண்கிறோம். அறைக்கு வாடகை கொடுக்கவே திணறும் வாலிபனுக்குக் கடற்காற்று இலவசம். கடலை வாங்கச் சில நாணயம் போதும். அக்குடையை மானக்கேடு என்று முகஞ்சுளிப்போர், அதற்கு வெளியே அவ்விருவருக்கும் சமுதாயம் எந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தது என்று சொல்வதில்லை. 1931இல் இந்நாட்டுப் பெண்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். நாட்டை ஆளுவோனைத் தெரிந்தெடுக்கும் தகுதி வாய்ந்தவளென ஏற்கப்பட்ட பெண், தன்னோடு வாழ்வோனைத் தெரிந்தெடுக்கும் தகுதி வாய்ந்தவளென நம் வீடுகளில் ஏற்கப்படவில்லை. குடைக்குள் வாலிபன் இழப்பதற்கு அஞ்சியது விலையை. அவள் அஞ்சியது பெயரை. இரண்டும் ஒரே சந்தையின் நாணயங்கள்.

நகரின் வடக்கே கொட்டாஞ்சேனைக்குச் சென்றால் வேறொரு வாலிபனைச் சந்திக்கிறோம். பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற் சுவருக்கும் புனித லூசியா பேராலயத்தின் கோபுரத்துக்கும் இடைப்பட்ட தோட்டங்களில், ஒற்றையறை வீடுகளில், துறைமுகத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் வாழ்ந்தனர். இவர்களுள் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரின் சந்ததியார். அவ்வாலிபனுக்குச் சீதனச் சந்தையில் விலையில்லை. வேறொரு பேரேட்டில் அவன் பெயர் எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியராகவும் ஒருவர் இலங்கையராகவும் ஆயினர். இரு அரசுகள் இலக்கங்களைப் பங்கிட்ட வேளையில் எத்தனை காதலர் பங்கிடப்பட்டனர் என்பதை எந்த ஒப்பந்தமும் கணக்கெடுக்கவில்லை. நாடற்றோர் என்னும் நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

வெள்ளவத்தைச் சமறிக்கும் சட்டம் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் 1952இல் அரசாங்க சேவையில் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதித் தெரிவானவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியெய்தாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வில்லை என்று 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை வெளியாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவருக்குரிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்காட முடியாது என்று அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்து, அரசியலமைப்புப் பற்றிய வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அவ்வினா விசாரிக்கப்படுமுன் 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் பழைய அரசியலமைப்பும் மறைந்தது. தமிழுக்கும் அரசகரும மொழி என்ற பெயர் 1987இலே வந்தது. ஓர் எழுதுவினைஞரின் ஆண்டுச் சம்பள உயர்வுக்குள் ஓர் இனத்தின் உரிமை முழுவதும் அடங்கியிருந்தது. அவ்வுயர்வை நம்பி நாள் குறித்த தங்கையர் திருமணங்களும் அடங்கியிருந்தன.

காசு குடும்பத்துக்கும் காதல் தரகனுக்கும் உயர்வு சட்டத்துக்கும் சொந்தமாகிவிட, வாலிபனுக்கென எஞ்சியது எழுத்து ஒன்றே. அதனை எவரும் சீதனமாய்க் கேட்கவில்லை. 1930இல் தோன்றிய வீரகேசரியும் 1932இல் தோன்றிய தினகரனும் அவனுக்குப் பக்கங்களைத் திறந்தன. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருவாயிற்று. கே. கணேஷும் கே. இராமநாதனும் 1946இல் 'பாரதி'யைக் கொணர்ந்தனர். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தது. ஆயினும் நம் இளைஞர் பலர் காதலை எழுதப் புகுந்தபோது தமிழகத்து வார இதழ்களின் நிலவையும் தென்றலையும் இரவல் வாங்கினர். சட்டைப்பையின் வெறுமையை மறைத்தனர். மண்வாசனை வேண்டும் என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் முற்போக்காளர் எழுப்பிய குரலின் பொருள் இதுவே: உன் சமறியின் கணக்குக் கொப்பியும் இலக்கியத்தின் மூலப்பொருள். அ. ந. கந்தசாமி தினகரனில் தொடராக எழுதிய 'மனக்கண்' கொழும்பு இளைஞரின் காதலை அவர்தம் பொருள்நிலையோடு சேர்த்தே நோக்கிற்று. காவலூர் ராஜதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' திரைப்படம் 1977இல் சீதனத்தையும் சாதியையும் ஒன்றாகவே விசாரணைக்கு நிறுத்திற்று. சலூன் தொழிலாளியாயிருந்த டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012வரை வெளிவந்தது.

எழுதியவற்றையும் நெருப்புத் தொடர்ந்து வந்தது. 1958இலும், 1977இலும், எல்லாவற்றினும் கொடிதாய் 1983 யூலையிலும் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தன. சேர்த்த காசும் எழுதிய கொப்பிகளும் ஒருங்கே சாம்பராயின. பாடசாலை அகதி முகாம்களிலிருந்து 'லங்கா கல்யாணி' முதலிய கப்பல்களில் மக்கள் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். பின்வந்த போர்க்காலத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்போரின் லொட்ஜுகளால் நிரம்பின. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. வேலை தேடுதலும் வைத்தியம் பார்த்தலும் விசாவுக்குக் காத்திருத்தலும் தலைநகரில் தங்குவதற்குப் போதிய காரணமல்ல என்று அவர்களிடம் கூறப்பட்டது. காதலும் ஒரு காரணம் என்று எவனாவது சொல்லத் துணிந்திருப்பானா?

இன்று எழுதுவினைஞனின் இடத்தில் வங்கி ஊழியனும் கணினித் தொழிலாளியும் வந்துள்ளனர். அந்நாளில் கொழும்பிலிருந்து ஊருக்குச் சென்ற மணியோடர் இந்நாளில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கொழும்புக்கு வருகிறது. சீதனத்தின் விலையை வெளிநாட்டுப் பணம் மேலும் உயர்த்தியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனை அடைக்க இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. சம்பளத்தின் பெறுமதி கைக்குள்ளேயே கரைந்தது. காதலர் குடை விரித்த அதே காலிமுகத் திடலில் அவ்வாண்டு இளைஞர் கூடாரம் அடித்து அரசைக் கேள்வி கேட்டனர். காசைப் பற்றிய தனிமனிதனின் கவலை அங்கே பொதுக் கவலையாய் வாய்திறந்ததைக் கண்டோம்.

வழமை முழுவதையும் தீயிலிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிரமச்சாரியின் உழைப்பைக் கட்டிவைத்த அதே தேசவழமை, மணவாழ்வில் கணவனும் மனைவியும் ஈட்டுவதைத் 'தேடிய தேட்டம்' என்று பெயரிட்டு இருவருக்கும் பொதுவாக்கியது. முந்நூறு ஆண்டுகளாய் நாம் சீதனத்தைப் பற்றிக்கொண்டோம். தேடிய தேட்டத்தின் பொருளை மறந்தோம். இரு கைகள் சேர்ந்து தேடும் வாழ்வுக்கு முன்விலை எதற்கு? பெற்றோர் இதனைச் சிந்திக்கட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றிரவு கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞரும் யுவதியரும் தம் செலவையும் காதலையும் நாணமின்றி, மறைப்பின்றி எழுதட்டும். சரித்திரம் எழுதுவோர் விட்டுச்சென்ற பக்கங்கள் அவர்களுக்காகவே வெறுமையாய்க் கிடக்கின்றன.